மதகடியில் ஒரு கணக்கு வகுப்பு

வாசகர் கேள்விகள்: ஓய்வுபெற்ற பள்ளி ஆசிரியர் பதிலளிக்கிறார்

கேள்வி: என் மகள் ஊராட்சி ஒன்றிய நடுநிலைப் பள்ளியில் ஏழாம் வகுப்பு படிக்கிறாள். புதிதாக வந்த ஆசிரியை அடிக்கடி பிள்ளைகளை வயல், வாய்க்கால் என்று அழைத்துப் போகிறார். பாவாடையெல்லாம் சேறாக வந்து நிற்கிறாள். பாடம் பின்தங்கிவிடாதா ஐயா?
– ஒரு தாய், மன்னார்குடி

பதில்: உங்கள் கவலை நியாயமானது அம்மா. வெளியே அழைத்துப் போவதெல்லாம் படிப்பு ஆகிவிடாது. எது படிப்பு, எது படிப்பு இல்லை என்று கண்டுபிடிக்க ஒரு வழி சொல்கிறேன். மகள் வீட்டுக்கு வந்ததும் "இன்றைக்கு என்ன பார்த்தாய்?" என்று கேட்காதீர்கள். "எதை அளந்தீர்கள், என்ன விடை வந்தது?" என்று கேளுங்கள். ஓர் எண்ணையும் அந்த எண் எப்படி வந்தது என்பதையும் அவள் சொன்னால், சேற்றுப் பாவாடையை நிம்மதியாக ஊறப் போடுங்கள். கொக்கு பார்த்தோம், மாங்காய் தின்றோம் என்பதோடு நின்றுவிட்டால், ஆசிரியையைப் பார்த்து நயமாகப் பேசுங்கள்.

பாபநாசம் பக்கத்துக் கிராமப் பள்ளிகளில் கணக்கும் அறிவியலும் நடத்தியவன் நான். வாய்க்காலில் தண்ணீர் வந்துவிட்டால் ஏழாம் வகுப்பை மதகடிக்கு அழைத்துப் போய்விடுவேன். எடுத்துப் போகும் கேள்வி ஒன்றே ஒன்று: இந்த வாய்க்காலில் விநாடிக்கு எவ்வளவு தண்ணீர் ஓடுகிறது?

வளைவில்லாத இடமாகப் பார்த்துக் கரையில் 10 மீட்டர் அளந்து இரண்டு முளைக்குச்சி அடிப்போம். காய்ந்த தேங்காய் மட்டையில் ஒரு துண்டை மேல் குச்சிக்குச் சற்று முன்னால் போட்டு, அது கீழ்க் குச்சியைத் தாண்டும்வரை விநாடி எண்ணுவோம். அகலத்தை நாடாவால் அளப்போம். ஆழத்தை இடது ஓரம், நடு, வலது ஓரம் என்று மூன்று இடங்களில் அளந்து சராசரி எடுப்போம். தண்ணீரில் இறங்குவது ஆசிரியர் மட்டும்.

மட்டை 20 விநாடியில் கடந்தது என்று வையுங்கள். வேகம் விநாடிக்கு அரை மீட்டர். அகலம் 2 மீட்டர், ஆழம் அரை மீட்டர் என்றால் குறுக்குப் பரப்பு 1 சதுர மீட்டர். பெருக்கினால் அரை கன மீட்டர். இங்கே அவசியம் ஒரு பிள்ளை கேட்கும்: "மேலே ஓடுகிற வேகத்தில்தான் அடியிலும் ஓடுமா சார்?" கேட்காவிட்டால் கேட்க வைக்க வேண்டும். அடித்தரையிலும் கரையிலும் தண்ணீர் உராய்வதால் அங்கே வேகம் குறைவு. அதனால் மேற்பரப்பு வேகத்தை 0.85 ஆல் பெருக்கிக்கொள்வது வழக்கம். விநாடிக்கு 425 லிட்டர் வருகிறது. ஒரு கன அடி என்பது 28.3 லிட்டர். ஆக, நம் வாய்க்காலில் ஓடுவது 15 கன அடி.

அதோடு விடுவதில்லை. நம் பக்கத்துக் குழி பன்னிரண்டு அடிக்குப் பன்னிரண்டு அடி, அதாவது 144 சதுர அடி. நூறு குழி ஒரு மா, 14,400 சதுர அடி. ஒரு மா நிலத்தில் இரண்டு அங்குலம் தண்ணீர் கட்ட 2,400 கன அடி வேண்டும். வாய்க்கால் முழுவதையும் அந்த ஒரே நிலத்துக்குத் திருப்பினால் 160 விநாடி! மூன்று நிமிடம்கூட ஆகவில்லை. அப்படியானால் கடைமடைக்குத் தண்ணீர் எட்டவில்லை என்று தாத்தா ஏன் புலம்புகிறார்? இந்த வாய்க்காலை நம்பி எத்தனை மா நிலம் இருக்கிறது, வழியில் எவ்வளவு மண்ணுக்குள் இறங்குகிறது, முறை வைத்து ஏன் விடுகிறார்கள் என்று பேச்சு தானாக வளரும். அது சமூக அறிவியல். மணி அடித்தாலும் பிள்ளைகள் எழுந்திருக்க மாட்டார்கள்.

மறுநாள் வகுப்பில் செய்தித்தாளை விரிப்பேன். மேட்டூரில் 10,000 கன அடி திறப்பு என்றால் அது விநாடிக்கு என்பது இப்போது அவர்களுக்கு விளங்கும். அணையின் முழுக் கொள்ளளவு 93.47 டிஎம்சி. ஒரு டிஎம்சி நூறு கோடி கன அடி. விநாடிக்கு 11,574 கன அடி வீதம் ஒரு நாள் முழுக்க ஓடினால்தான் ஒரு டிஎம்சி சேரும் என்று அவர்களையே வகுத்துப் பார்க்கச் சொல்வேன். கோடியில் எத்தனை சுழியம் என்பது அதன் பிறகு எவருக்கும் மறந்ததில்லை. ஏழாம் வகுப்புக்கு உரிய வேகம், பரப்பு, கன அளவு, சராசரி, அலகு மாற்றம் எல்லாம் இதில் வந்துவிட்டன. எதுவும் பின்தங்கவில்லை அம்மா.

கேள்வி: நீடாமங்கலம் பக்கம் அறிவியல் ஆசிரியராகச் சேர்ந்திருக்கிறேன். வயலில் நடத்த ஏற்ற ஒரு பாடம் சொல்லுங்கள்.
– ஓர் இளம் ஆசிரியர்

பதில்: உளுந்து வேர். சம்பா அறுவடைக்கு ஒரு வாரம் பத்து நாள் முன்பு, நிற்கிற நெல்லுக்குள்ளேயே ஈரத்தில் உளுந்தும் பயறும் தெளிக்கிறார்கள் அல்லவா? முளைத்து ஒரு மாதம் கடந்த செடிதான் நமக்கு வேண்டும். வயல்காரரிடம் "நாலு செடி எடுத்துக்கொள்ளலாமா?" என்று பிள்ளைகளையே கேட்கச் சொல்லுங்கள். யாரும் மறுத்து நான் பார்த்ததில்லை.

செடியைப் பிடித்து இழுக்க விடாதீர்கள். வேரில் இருப்பது மண்ணோடு அறுந்து போய்விடும். களைக்கொட்டால் சுற்றிக் குத்தி, மண்கட்டியோடு எடுத்து, வாளித் தண்ணீரில் வைத்துவிடுங்கள். களிமண் ஆதலால் கரைய நேரமாகும், பொறுக்க வேண்டும். மெல்ல அலசினால் வேரில் கடுகும் மிளகுமாக உருண்டைகள் தெரியும். இவைதான் வேர் முடிச்சுகள். ஒன்றை நகத்தால் இரண்டாகக் கிள்ளச் சொல்லுங்கள். உள்ளே இளஞ்சிவப்பாக, ரத்தம் கசிந்தது போல் இருக்கும். முதல்முறை பார்க்கிற பிள்ளை கையை உதறிவிடும்.

அந்தச் சிவப்புக்குக் காரணம் லெக்ஹீமோகுளோபின். நம் ரத்தத்தில் இருப்பதன் உறவு. முடிச்சுக்குள் குடியிருக்கும் ரைசோபியம் என்ற பாக்டீரியா காற்றில் உள்ள நைட்ரஜனைச் செடிக்கு ஏற்றதாக மாற்றுகிறது. அந்த வேலைக்கு ஆக்சிஜன் மிஞ்சினால் ஆகாது. அதை அளவாக வைத்திருப்பது இந்தச் சிவப்புப் பொருள். உள்ளே சிவப்பாக இருந்தால் முடிச்சு வேலை செய்கிறது என்று பொருள். பச்சையாகவோ பழுப்பாகவோ இருந்தால் ஓய்ந்துவிட்டது. ஒவ்வொரு பிள்ளையும் பத்து முடிச்சைக் கிள்ளி எத்தனை சிவப்பு என்று எழுதட்டும். வயலின் மேட்டுப் பகுதிச் செடிக்கும் தண்ணீர் தேங்கிய பள்ளத்துச் செடிக்கும் தனித்தனிக் கணக்கு போட்டு, வித்தியாசம் இருந்தால் ஏன் என்று கேளுங்கள். விடையை நீங்கள் முந்திக்கொண்டு சொல்லாமல் இருப்பதுதான் இந்த வகுப்பில் கடினமான பகுதி.

காற்றில் 78 சதவீதம் நைட்ரஜன் என்று புத்தகத்தில் இருக்கிறது. அதை அன்றைக்கு நடத்துங்கள், முந்தின நாள் வேண்டாம்.

கேள்வி: தஞ்சைப் பெரிய கோயில் விமானத்தின் நிழல் தரையில் விழாதாமே? நான் ஒன்பதாம் வகுப்பு படிக்கிறேன்.
– மாணவர், தஞ்சாவூர்

பதில்: விழும் தம்பி. சாயங்காலம் போய்ப் பார், நீளமாகக் கிடக்கும். விமானத்தின் அடிப்பகுதி அகலமானது. மேலே போகப் போகக் குறுகுகிறது. அதனால் சூரியன் உச்சியில் இருக்கும்போது நிழல் அதன் மேலேயே அடங்கிவிடுகிறது. மார்கழியிலோ சூரியன் தெற்கே சாய்ந்திருப்பதால் நண்பகலில்கூட வடபுறத் தரையில் நிழல் விழும். ராஜராஜன் கட்டிய கோயிலுக்குப் பெருமை சேர்க்க இந்தக் கதை தேவையில்லை.

அந்த நிழலைக் கொண்டே உயரத்தைக் கண்டுபிடி. மார்கழி நண்பகலில் ஒரு மீட்டர் குச்சியைச் செங்குத்தாக நிறுத்தி அதன் நிழலை அள. பிறகு விமான நிழலை அள. ஒன்றை மறக்காதே: சுவரிலிருந்து அளந்தால் போதாது, உச்சி இருப்பது நடுவில். அடித்தளத்தின் பாதி அகலத்தைக் கூட்டிக்கொள். மற்றது வடிவொத்த முக்கோணம். சுமார் 216 அடி என்று சொல்லப்படும் உயரத்துக்கு உன் விடை எவ்வளவு பக்கத்தில் வருகிறது என்று எனக்கு எழுது. முதலில் பள்ளிக் கொடிக்கம்பத்தில் பழகு.

இன்னொன்று. ஏப்ரல் மூன்றாவது வாரத்திலும் ஆகஸ்ட் கடைசி வாரத்திலும் தஞ்சையில் சூரியன் நேர் உச்சிக்கு வரும். அன்று குச்சிக்கு நிழலே இருக்காது. ஏப்ரலில் அது 12 மணிக்கு நிகழாது. ஏறக்குறைய 12 மணி 13 நிமிடத்துக்கு நிகழும். நம் கடிகாரம் 82.5 பாகை தீர்க்கக்கோட்டைப் பின்பற்றுகிறது, தஞ்சை இருப்பதோ 79 பாகையை ஒட்டி. ஒரு பாகைக்கு நான்கு நிமிடம். கணக்குப் போட்டுப் பார்.

கேள்வி: பாம்பு, தண்ணீர் எல்லாம் இருக்கும் இடத்துக்குப் பிள்ளைகளை எப்படி நம்பி அனுப்புவது?
– ஒரு தந்தை, திருத்துறைப்பூண்டி

பதில்: கேட்க வேண்டிய கேள்வி. ஆசிரியர் முன்தினமே அந்த இடத்தை நடந்து பார்த்திருக்க வேண்டும். வரப்பில் கம்பைத் தட்டிக்கொண்டு ஒருவர் முன்னால் போக வேண்டும். நண்டு வளையிலோ வைக்கோல் போரிலோ கை விடக் கூடாது. ஆற்றுப் பக்கமே வேண்டாம், கொள்ளிடம் கூடவே கூடாது. சிறிய கிளை வாய்க்கால் போதும். காலில் புண் உள்ள பிள்ளை வயல் தண்ணீரில் இறங்கக் கூடாது, எலிக்காய்ச்சல் அப்படித்தான் வருகிறது. பாம்பு கடித்தால் கட்டுப் போடுவது, கீறுவது, உறிஞ்சுவது எதுவும் செய்யாமல், கடிபட்ட காலை அசைக்காமல் 108ஐ அழைத்து அரசு மருத்துவமனைக்குக் கொண்டுபோக வேண்டும். சித்திரை, வைகாசி வெயிலில் காலை பத்து மணிக்குள் பிள்ளைகள் நிழலுக்குத் திரும்பியிருக்க வேண்டும். இவற்றைத் தலைமை ஆசிரியரிடம் கேளுங்கள். ஒவ்வொன்றுக்கும் தெளிவான பதில் வந்தால் ஒப்புதல் கடிதத்தில் கையெழுத்துப் போடுங்கள். முடிந்தால் ஒரு நாள் நீங்களும் கூடவே போங்கள். வரப்பில் கம்பு பிடிக்க ஆள் வேண்டும்.