மூலம் என்று மாத்திரை சாப்பிட்டதால் கேன்சர் க்ளெய்ம் போய்விடுமா?

கேள்வி: என் கணவருக்கு வயது 51. திருப்பூரில் ஒரு பனியன் கம்பெனியில் சூப்பர்வைசர். மலக்குடலில் கேன்சர் என்று ஆபரேஷன் ஆகி, இனி நிரந்தரமாக, வயிற்றில் போட்ட துளை வழியாக வரும் மலத்தைச் சேகரிக்கும் கொலாஸ்டமி பைதான் என்று சொல்லிவிட்டார்கள். இரண்டு வருடம் முன்பு எடுத்த மெடிக்கல் பாலிசியில் க்ளெய்ம் போட்டோம். டிஸ்சார்ஜ் சம்மரியில் "மூன்று வருடமாக மலத்தில் ரத்தம்" என்று இருக்கிறது, நோயை மறைத்துவிட்டீர்கள் என்று மறுத்துவிட்டார்கள். அப்போது ஒரே ஒருமுறை மூலம் என்று மாத்திரை கொடுத்தார்கள், சரியாகிவிட்டது. மறுபடி ரத்தம் வந்தது பாலிசி எடுத்து ஒன்றரை வருடம் கழித்துத்தான். கம்பெனியிலும் ராஜினாமா எழுதிக் கொடுக்கச் சொல்கிறார்கள்.

பதில்: சகோதரி, முதலில் அந்த ராஜினாமா. எழுதிக் கொடுக்கவே வேண்டாம். கையெழுத்துப் போட்டுவிட்டால் "அவராகத்தான் போனார்" என்பார்கள், மிரட்டி வாங்கினார்கள் என்று பிறகு நிரூபிப்பது பெரும்பாடு. ஆபரேஷன் செய்த டாக்டரிடம் "வேலைக்குத் தகுதியானவர், கனமான எடை மட்டும் தூக்கக் கூடாது" என்று சான்று வாங்கி, கழிப்பறைக்குப் பக்கத்தில் இடமும் பையைக் காலி செய்யச் சில நிமிடங்களும் கேட்டு ஈமெயிலில் அனுப்புங்கள். வாட்ஸ்அப்பில் அவர்கள் அனுப்பியதை அழித்துவிடாதீர்கள். பை சரியாக ஒட்டியிருந்தால் பக்கத்தில் உட்காருபவருக்கு வாடைகூட வராது, இது ஹெச்.ஆருக்குத் தெரியாது, யாராவது சொல்லத்தான் வேண்டும்.

இதில் சட்டம் முழுக்க உங்கள் பக்கம் என்று நான் சொல்லமாட்டேன். மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டம், 2016-இன் அட்டவணையில் உள்ள 21 வகைகளில் ஆஸ்டமி (இப்படி வயிற்றில் துளையிட்டுப் பை வைப்பது) பெயர் சொல்லி இல்லை. பணியில் இருக்கும்போது ஊனம் ஏற்பட்டால் நீக்கக் கூடாது என்கிற 20-ஆம் பிரிவு அரசு நிறுவனங்களுக்கு மட்டும். நீண்டகால உடல் குறைபாடு என்கிற பொது வரையறையையும், பாகுபாடு கூடாது என்கிற 3-ஆம் பிரிவையும் வைத்து வாதாடலாம், மாற்றுத்திறனாளிகளுக்கான மாநில ஆணையரிடம் மனுவும் கொடுக்கலாம். ஆனால் அதை மட்டும் நம்பி உட்காராதீர்கள்.

க்ளெய்ம் விஷயம் அப்படியில்லை, அதில் உங்கள் கை ஓங்கித்தான் இருக்கிறது. அட்மிஷன் நேரத்தில் டியூட்டி டாக்டர் அவசரமாகக் கேட்டு எழுதும் ஒரு வரி, ஒருமுறை வந்து போனதையும் தொடர்ந்து இருந்ததையும் ஒன்றாக்கிவிடுகிறது, இன்ஷூரன்ஸ் கம்பெனி அதைத்தான் பிடித்துக்கொள்கிறது. ஏற்கெனவே இருந்த நோய் என்றால், பாலிசிக்கு முந்தைய 36 மாதத்துக்குள் டாக்டர் கண்டறிந்திருக்க வேண்டும், அல்லது அதற்குச் சிகிச்சையோ ஆலோசனையோ பெற்றிருக்க வேண்டும். கேன்சர் என்று தெரிந்தது பயாப்ஸி (சதைத் துணுக்குப் பரிசோதனை) ரிப்போர்ட் வந்த அன்றுதான், அந்தத் தேதி பாலிசிக்குப் பிறகு. மறைத்ததாகச் சொல்பவர்தான் அதை நிரூபிக்கவும் வேண்டும். தொடர்பில்லாத நோயைச் சொல்லாமல் விட்டதற்காக க்ளெய்மை மறுக்க முடியாது என்று 2015-இல் ஒரு எல்.ஐ.சி. வழக்கில் உச்ச நீதிமன்றம் சொல்லியிருக்கிறது.

எதிர்த்தரப்பு என்ன சொல்லும் தெரியுமா? அன்றைக்கு வந்த ரத்தமே கேன்சர்தான், தொடர்பு இருக்கிறது என்று. அதனால் உடனே ஆஸ்பத்திரியில் முழு கேஸ் ஷீட்டை (சிகிச்சைப் பதிவேட்டை) எழுத்து மூலமாகக் கேளுங்கள், கேட்ட 72 மணி நேரத்துக்குள் தர வேண்டும் என்பது மருத்துவக் கவுன்சிலின் 2002 விதி. அப்புறம் சர்ஜனிடம், ரத்தம் எப்போது வந்தது, எப்போது நின்றது, மறுபடி எப்போது தொடங்கியது என்று அவருக்குத் தெரிந்தவரை விளக்கக் கடிதம் கேளுங்கள். சம்மரியையே திருத்தி வாங்கும் வேலை மட்டும் வேண்டாம், உள்ளதும் கெட்டுவிடும். பாலிசி எடுக்கும்போது கொடுத்த புரோபோசல் ஃபார்மையும் (விண்ணப்பத்தையும்) எடுத்துப் பாருங்கள். மூலம் உண்டா என்று நேராகக் கேட்டு, அதில் "இல்லை" என்று டிக் இருந்தால் அதுதான் உங்கள் பலவீனம். ஏஜென்ட் நிரப்பினார் என்றாலும் கையெழுத்து உங்கள் கணவருடையது ஆயிற்றே.

முதலில் இன்ஷூரன்ஸ் கம்பெனியின் குறைதீர் அதிகாரிக்குப் புகார். க்ளெய்ம் மறுஆய்வுக் குழு ஒப்புதல் இல்லாமல் மறுக்கக் கூடாது என்று இன்ஷூரன்ஸ் ஒழுங்குமுறை ஆணையமான ஐ.ஆர்.டி.ஏ.ஐ. 2024-இல் சொல்லியிருக்கிறது, அந்த ஒப்புதல் எங்கே என்று கேளுங்கள். ஒரு மாதத்தில் பதில் இல்லை அல்லது திருப்தியில்லை என்றால் சென்னையில் உள்ள இன்ஷூரன்ஸ் ஆம்பட்ஸ்மேன் (இன்ஷூரன்ஸ் புகார்களைத் தீர்த்துவைக்கும் அதிகாரி). கட்டணம் கிடையாது, வக்கீலும் தேவையில்லை (என் தொழிலுக்கு நஷ்டம்தான்), ரூ.50 லட்சம் வரை தீர்ப்பளிக்கலாம், கம்பெனி அதற்குக் கட்டுப்பட்டாக வேண்டும், நீங்கள் கட்டுப்பட வேண்டியதில்லை. ஒரு வருடத்துக்குள் போக வேண்டும். நுகர்வோர் ஆணையத்தில் வழக்குப் போட்டுவிட்டால் இந்த வழி அடைபட்டுவிடும் என்பதால் இதை முதலில் செய்யுங்கள். ஆணையத்துக்கு இரண்டு வருட அவகாசம் இருக்கிறது, உங்கள் மாவட்டத்திலேயே போடலாம்.

கோபத்தில் பாலிசியைப் புதுப்பிக்காமல் விட்டுவிடாதீர்கள். கீமோ, ஸ்டோமாவைச் (வயிற்றில் போட்ட துளையை) சுற்றி வரக்கூடிய ஹெர்னியா (குடலிறக்கம்) என்று செலவு இன்னும் இருக்கலாம், கேன்சர் வந்தவருக்குப் புது பாலிசி கிடைப்பதும் குதிரைக்கொம்பு. மறுப்புக் கடிதத்தில் பாலிசியையே ரத்து செய்ததாக இருந்தால் அதையும் சேர்த்தே எதிர்த்துப் புகார் எழுதுங்கள்.

இதைப் படிக்கும் மற்றவர்களுக்கும் ஒன்று: மலத்தில் ரத்தம் வந்தால் மூலம்தான் என்று நாமே முடிவு கட்டிக்கொள்ள வேண்டாம். நாற்பத்தைந்து தாண்டியவர்கள் கொலனோஸ்கோபி (பெருங்குடலுக்குள் கேமரா குழாய் விட்டுப் பார்க்கும் பரிசோதனை) தேவையா என்று டாக்டரிடம் வாய்விட்டுக் கேளுங்கள்.

ரயில் சலுகையும் இருக்கிறது, சகோதரி. சிகிச்சைக்கோ செக்கப்புக்கோ போகும் கேன்சர் நோயாளிக்கு ஸ்லீப்பரிலும் மூன்றடுக்கு ஏசியிலும் கட்டணம் இல்லை. ஆஸ்டமி உள்ளவர்களுக்கு சீசன் டிக்கெட்டில் பாதிச் சலுகை. டாக்டர் சான்றுக்கான படிவத்தை ஸ்டேஷன் கவுன்ட்டரில் கேளுங்கள்.