பெயரில் 'ஸ்பெர்ம்' இருந்தால் போதுமா?

கேள்வி: டாக்டரம்மா, கல்யாணமாகி இரண்டு வருடம் ஆகிறது. விந்துப் பரிசோதனையில் மில்லிக்கு 90 லட்சம் அணுக்கள்தான் இருப்பதாக வந்திருக்கிறது. நண்பன் 'ஸ்பெர்மிடின்' காப்சூல் வாங்கச் சொல்கிறான். பெயரிலேயே ஸ்பெர்ம் இருக்கிறதே, சாப்பிடலாமா?
– பெயர் வேண்டாம், தேனி

பதில்: அந்தப் பெயர்தான் தம்பி எல்லாரையும் ஏமாற்றுகிறது. லேப் வேலைக்கு வந்த புதிதில் ஒரு ஸ்லைடைக் கழுவ மறந்து போட்டுவிட்டுப் போனேன். மறுநாள் மைக்ரோஸ்கோப்பில் வைத்தால், காய்ந்த விந்தில் இரு முனையும் கூரான, கண்ணாடி ஊசி மாதிரிப் படிகங்கள்! இதையேதான் ஹாலந்து துணி வியாபாரி லீவன்ஹுக் 1678-லேயே எழுதிவைத்தார். 1888-ல் அந்தப் படிகத்திலிருந்த பொருளுக்கு 'ஸ்பெர்மின்' என்று பெயர் வைத்தார்கள். விந்தில் முதலில் கிடைத்தது, அதனால் அந்தப் பெயர். ஸ்பெர்மிடின் அதன் தம்பி. இரண்டும் பாலிஅமைன் என்ற, நைட்ரஜன் உள்ள சின்ன மூலக்கூறுகளின் குடும்பம். உடம்பின் எல்லா செல்லிலும் உண்டு. கோதுமை முளையிலும் காளானிலும்கூட உண்டு!

விந்திலுள்ள ஸ்பெர்மினைக் கொட்டுவது பெரும்பாலும் புராஸ்டேட் சுரப்பி. விந்தின் அந்தத் தனி வாடைக்கு முக்கியக் காரணமே இதுதான். குடும்பக் கட்டுப்பாடு ஆபரேஷன் செய்துகொண்டவருக்கு அணு ஒன்றுகூட வராது, வாடை மட்டும் அப்படியே இருக்கும். (இதைக் கேட்டு என்னிடம் சண்டைக்கு வந்தவரும் உண்டு.)

விதைப்பையில் அணுக்கள் உருவாகவும் பாலிஅமைன் வேண்டும், மறுக்கவில்லை. ஆனால் அதை உடம்பே ஆர்னிதின் என்ற அமினோ அமிலத்திலிருந்து தயாரித்துக்கொள்கிறது. அளவு மீறாமலிருக்க பிரேக்கும் வைத்திருக்கிறது. விதையில் மட்டுமே வேலை செய்யும் பிரேக் ஜீன் ஒன்று உண்டு. அதை நீக்கிய எலிகளுக்கு விந்தணுவின் தலை வேறு, வால் வேறாகக் கழன்றுவிட்டது. காப்சூல் விழுங்கினால் எண்ணிக்கை கூடும் என்பதற்கு மனிதர்களிடம் உறுதியான ஆதாரம் இல்லை. காசை மிச்சம் பிடியுங்கள்.

ஒரே ரிப்போர்ட்டை வைத்து முடிவு கட்டாதீர்கள். ஓர் அணு உருவாக ஏறத்தாழ 74 நாள் ஆகும். இரண்டு மாதம் முன்பு கடும் காய்ச்சல் வந்திருந்தால் அதுவே எண்ணிக்கையைக் குறைத்திருக்கலாம். மறுபடி டெஸ்ட் எடுங்கள், மனைவிக்கும் பரிசோதனை நடக்கட்டும். விந்து வெளியேறாமல் 2 முதல் 7 நாள் இடைவெளி விட்டு, லேப் தரும் டப்பாவிலேயே மாதிரி எடுங்கள். வீட்டில் எடுத்தால் ஒரு மணி நேரத்துக்குள் கொண்டுவாருங்கள். ஐஸில் வைக்க வேண்டாம், சட்டைப் பைக்குள் வைத்தாலே போதும்.