நாற்காலியும் நடுகல்லும்

அன்புள்ள ஆசிரியருக்கு,

வணக்கம். நான் கிருஷ்ணகிரி மாவட்டம் காவேரிப்பட்டணத்தைச் சேர்ந்தவன். பெங்களூர் நிறுவனம் ஒன்றுக்கு வீட்டிலிருந்தே மென்பொருள் எழுதுகிறேன். கழுத்துவலி வந்தபின், கடந்த ஓராண்டில் என் அறையை முற்றிலும் மாற்றியமைத்தேன். முதுகைத் தாங்கும் நாற்காலி, ஏற்றி இறக்கும் மேசை, இரண்டாகப் பிரிந்த விசைப்பலகை எனச் செலவு ஒன்றரை லட்சத்தைத் தாண்டிவிட்டது. அந்தப் பணத்தில் மாந்தோப்புக்குச் சொட்டுநீர்க் குழாய் போட்டிருக்கலாம் என்கிறார் அப்பா.

வேலை முடிந்ததும் அதே மேசையில் டேப்லட்டை வைத்து ஓவியம் வரைகிறேன். சிறுவயதிலிருந்தே உள்ள ஆர்வம் இது. ஆனால் அரை மணி நேரத்தில் சோர்ந்துவிடுகிறேன். ஓராண்டில் முடித்த படங்கள் மூன்றுதான். வலியும் முழுதாக விடவில்லை. இப்போது விடியற்காலையில் சுண்டுவிரலும் மோதிரவிரலும் மரத்துப்போகின்றன. திரையிலேயே வரையக்கூடிய பெரிய டேப்லட் ஒன்றை வாங்கினால் இந்நிலை மாறுமா? அல்லது என் போன்றோருக்கு வேலைக்கு வெளியே கலை வாய்க்காதா?

ச.,
காவேரிப்பட்டணம்

அன்புள்ள ச.,

முதலில் விரல்களைப் பற்றிச் சொல்லிவிடுகிறேன். நான் மருத்துவன் அல்லன். ஆனால் முழங்கையை எங்கேனும் இடித்துக்கொண்டால் மின்சாரம் பாய்ந்ததுபோல் சுரீரென்று இழுக்குமே, அந்த நரம்புதான் நீங்கள் சொல்லும் இரண்டு விரல்களுக்கும் போகிறது. முழங்கையின் உட்புறத்தில், எலும்பை ஒட்டி, தோலுக்குச் சற்றே அடியில் அது ஓடுகிறது. நாற்காலியின் கடினமான கைப்பிடியில் நாளெல்லாம் முழங்கையை ஊன்றியிருந்தாலும், இரவில் கையை இறுக மடக்கித் தலைக்கு வைத்துத் தூங்கினாலும் அது அழுந்தும். ஊன்றுவதை இன்றே நிறுத்திவிட்டு, இந்த வாரத்திலேயே மருத்துவரைப் பாருங்கள். மற்றவை பிறகு.

உங்கள் அறையில் தவறாக எதுவும் இருப்பதாகத் தோன்றவில்லை. மடிக்கணினியில் திரையும் விசைகளும் ஒட்டிப் பிறந்தவை. திரையைக் கண்மட்டத்துக்கு உயர்த்தினால் கை தொங்கும், கைக்கு ஏற்றபடி தாழ்த்தினால் கழுத்து குனியும். எனவே விசைப்பலகையைத் தனியே பிரித்தது சரியான காரியம். நான் அதை மலிவாகச் செய்தேன்: கெட்டி அட்டை போட்ட இரண்டு அகராதித் தொகுதிகளின் மேல் கணினியை ஏற்றி வைத்திருக்கிறேன். ஏதேனும் சொல்லுக்குப் பொருள் பார்க்க வேண்டுமென்றால் கணினியைக் கீழே இறக்க வேண்டியிருக்கிறது என்பதால், சில ஐயங்களை ஐயங்களாகவே விட்டுவைக்கும் பழக்கமும் எனக்கு வந்துவிட்டது. மேசையின் உயரத்தை மட்டும் ஒருமுறை அளந்து பாருங்கள். கடைகளில் விற்கும் சாதாரண மேசை ஏறத்தாழ 75 செ.மீ. உயரம் இருக்கும், நம் ஊரின் நடுத்தர உயரக்காரருக்கு அது தட்டச்சு செய்ய அதிகம்தான். தோள் தூக்காமல், முழங்கை செங்கோணமாக மடங்கி, பாதம் தரையில் முழுதாகப் பதிய வேண்டும். உங்களுடையது ஏற்றி இறக்கும் மேசை என்பதால் நின்றபடி வேலை செய்யவும் வழியிருக்கிறது. அதை எத்தனை முறை ஏற்றினீர்கள் என்பதை நீங்கள் எழுதவில்லை.

நல்ல நாற்காலியிடம் ஒரு குறை உண்டு: அது எழுந்திருக்க விடாது. மர நாற்காலியில் இருந்தவரை நான் அரை மணிக்கு ஒருமுறை எழுந்து திண்ணைக்குப் போய்வருவேன். மெத்தை வைத்த நாற்காலி வந்தபின் மூன்று மணி நேரம் அசையாமல் எழுதினேன், முதுகு பிடித்துக்கொண்டது. எவ்வளவு நேர்த்தியாக அமர்ந்திருந்தாலும், ஒரே நிலையில் இறுகி நிற்கும் தசைக்குள் ரத்த ஓட்டம் குறைகிறது. முதுகெலும்பின் இடைத்தட்டுகளுக்கோ நேரடியான ரத்தக் குழாய்களே இல்லை. நாம் அசைவதால்தான் அவற்றுக்கு ஊட்டம் ஊறிச் செல்கிறது. ஒன்றரை லட்ச ரூபாய்ப் பொருள்களால் இந்த அசைவை மட்டும் தர இயலாது. தோட்டத்தில் மடை மாற்றும் உங்கள் அப்பாவுக்கு அது கூலியோடு சேர்ந்தே கிடைத்துவிடுகிறது. அவருக்கும் இடுப்புவலி இருக்கக்கூடும், அது வேறு கதை.

வேலையை உடலுக்கு ஏற்றபடி அமைப்பதை ஆராயும், பணிச்சூழலியல் (எர்கனாமிக்ஸ்) என்று நாம் இன்று தமிழாக்கிக்கொண்ட துறைக்கு 1857இல் பெயரிட்டவர் வோய்சியேக் யாஸ்த்செம்போவ்ஸ்கி என்ற போலந்து அறிஞர். உடலால் உழைப்பதோடு களிப்பு, சிந்தனை, அர்ப்பணிப்பு ஆகியவற்றையும் அவர் ‘வேலை’ என்ற சொல்லுக்குள் அடக்கினார். அந்தத் துறை நம்மிடம் வந்து சேர்ந்தபோது நாற்காலி விற்பனையாகச் சுருங்கிவிட்டது என்பது என் மனக்குறை.

உங்கள் கேள்வி இங்கேதான் இருக்கிறது. மாலை ஆறு மணிக்கு அலுவலகக் கணினியை மூடிவிட்டு ஏழு மணிக்கு டேப்லட்டைத் திறக்கும்போது, வேலை முடிந்து கலை தொடங்கிவிட்டது என்பது உங்களுக்குத் தெரியும், உங்கள் கழுத்துக்குத் தெரியாது. அதே இரண்டடித் தொலைவில் அதே வெளிச்சத்தைக் கண் பார்க்கிறது, இமை அதே போலக் குறைவாகச் சிமிட்டுகிறது, மணிக்கட்டு அதே சிறு வட்டத்துக்குள் சுழல்கிறது. உடல் அதைப் பதினோராவது மணிநேர வேலையாகக் கணக்கில் எழுதிக்கொள்கிறது. அரை மணியில் வரும் சோர்வை நீங்கள் திறமைக் குறைவாக எடுத்துக்கொண்டதுதான் எனக்கு வருத்தம். பெரிய டேப்லட் அந்தச் சோர்வை இன்னும் அகலமான திரையில் காட்டும், அவ்வளவே. இப்போது வாங்க வேண்டாம்.

ஓவியத்தை அந்த அறையிலிருந்து வெளியே கொண்டுபோங்கள். எங்கே என்று கேட்பீர்கள். தருமபுரி, கிருஷ்ணகிரி இரண்டு மாவட்டங்களிலும் ஏரிக்கரையிலும் புளியமரத்தடியிலும் நிற்கும் நடுகற்களைப் பார்த்திருப்பீர்கள்; வேடியப்பன் என்று மக்கள் பொங்கலிடும் கற்களில் பல, ஆநிரை மீட்டோ புலியைக் குத்தியோ இறந்த வீரனுக்கு நட்டவை. ஒரு பெரிய தாளைப் பலகையில் கவ்வி, கரித்துண்டோடு அதன் முன் நின்று வரையுங்கள். நின்று வரையும்போது கோடு மணிக்கட்டிலிருந்து வராமல் தோளிலிருந்து வரும். கண் கல்லுக்கும் தாளுக்கும் தொலைவிலுள்ள குன்றுக்குமாக மாறிமாறிச் செல்லும்.

அதிகாலையிலோ மாலையிலோ போங்கள், ஏனெனில் தேய்ந்த புடைப்பைச் சாய்ந்த வெயில்தான் காட்டும். தருமபுரிப் பக்கத்தில் நான் அடிக்கடி கடந்துபோகும் கல் ஒன்றில் வீரனின் தொடையருகே ஒரு விரிசல் இருப்பதாக நெடுநாள் நினைத்திருந்தேன். ஒரு மார்கழிக் காலை ஏழு மணி வெயிலில் அந்த விரிசலின் முனையில் சிறகு தெரிந்தது. அது அம்பு. இடக்கையில் வில்லைப் பிடித்திருக்கும் அவன், தன்மேல் தைத்த அம்பைக் கவனிக்காதவன்போல் முன்னங்காலை எடுத்து வைத்திருக்கிறான். காலடியில் மூக்கு வைத்த நீர்க்கலமான ஒரு சிறு கெண்டியும் இருந்தது. அன்றுவரை எண்ணெய்ப் பிசுக்கு என்று எண்ணியிருந்தேன்.

கல்லைத் தேய்த்துக் கழுவவோ, தாள் ஒட்டி மைப்படி எடுக்கவோ முயல வேண்டாம். அது பயிற்சி பெற்றவர்கள் செய்ய வேண்டியது, கல்லும் வழிபாட்டில் இருப்பது. வெயில் தாங்காத நாள்களில் கிருஷ்ணகிரி அரசு அருங்காட்சியகமும் தருமபுரி அகழ்வைப்பகமும் இருக்கின்றன. ஓராண்டில் மூன்று படங்கள் என்பது குறைவு என்று எனக்குத் தோன்றவில்லை, ஆகவே எண்ணிக்கையை விட்டுவிடுங்கள்.

ஊர்க் கற்களுக்கு முன் நிற்கும்போது செருப்பைக் கழற்றிவிடுங்கள். ஆடு மேய்ப்பவர் யாரேனும் வந்து என்ன செய்கிறாய் என்று கேட்டால், பதில் சொல்வதற்கு முன் தாளைத் திருப்பிக் காட்டுங்கள். அந்தக் கல்லின் கதையை அவர் சொல்லத் தொடங்கிவிடுவார்.