மூச்சை அடக்கிக்கொண்டு கடலில் மூழ்கும் ஃப்ரீடைவிங்கில் முதல் நிலைப் பயிற்சி முடித்துவிட்டேன். எடை 64 கிலோ, ஷூ அளவு 8. சொந்தமாக நீள ஃபின் (காலில் மாட்டும் நீச்சல் துடுப்பு) வாங்க வேண்டும். நேரடியாகக் கார்பன் இழை ஃபின்னுக்கே போய்விடலாமா?

வேண்டாம். கார்பன் அருமையான பொருள்தான், ஆனால் முதல் ஜோடிக்கு அது அவசியமில்லை. கால் நுழையும் ரப்பர் பகுதியான ஃபுட் பாக்கெட் சரியாக அமைகிறதா என்பதைத்தான் முதலில் பார்க்க வேண்டும். அது பொருந்தாவிட்டால் 50,000 ரூபாய் கார்பனும் வீண். காலைக் கச்சிதமாகப் பிடிக்கிற பிளாஸ்டிக் ஃபின் அதைவிட நன்றாக உழைக்கும்.

நம் ஊரில் 8 என்று விற்கும் ஷூ பிரிட்டிஷ் அளவு. ஐரோப்பிய அளவில் அது ஏறக்குறைய 42. ஃபின்கள் பெரும்பாலும் 40/41, 42/43 என்று இரண்டு அளவு சேர்ந்தே வரும் என்பதால் ஷூ நம்பரை மட்டும் நம்பி ஆர்டர் போடாதீர்கள். சாயங்காலம் ஒரு தாளின் மேல் நின்று, குதிகாலைச் சுவரோடு ஒட்டி வைத்து, நீளமான விரலின் நுனியில் கோடு போட்டு அளந்து பாருங்கள். 26.5 செ.மீ. வந்தால் 42 என்று வைத்துக்கொள்ளலாம். இரண்டு காலையும் அளந்து, பெரிய காலுக்கு ஏற்ப வாங்குங்கள். முன்பாதத்தின் அகலத்தையும் குறித்துக்கொள்ளுங்கள். செருப்போடும் வெறுங்காலோடும் வளர்ந்தவர்களுக்குச் சுண்டுவிரல் பக்கம் விரிந்திருக்கும். நீளம் சரியாக இருந்தும் அந்த இடத்தில் பாக்கெட் நெரிப்பது அடிக்கடி நடக்கிறது.

சாக்ஸை முதலில் வாங்குங்கள், ஃபின்னைப் பிறகு. அந்தமான், தாய்லாந்துத் தண்ணீரில் குளிருக்காக நியோப்ரீன் (நுரை ரப்பர்) சாக்ஸ் தேவைப்படாது, ஆனால் தோல் உரியாமல் இருக்க அது வேண்டும். 1.5 அல்லது 2 மி.மீ. போதும். வெறுங்காலில் போட்டுப் பார்த்து வாங்கிவிட்டுப் பிறகு 3 மி.மீ. சாக்ஸ் சேர்த்தால், பாக்கெட் ஒரு அளவு சிறியதாகிவிடும்.

போட்டுப் பார்க்கும்போது சாக்ஸையும் பாக்கெட்டின் உட்புறத்தையும் நனைத்துக்கொள்ளுங்கள். பாக்கெட்டின் குதிகால் பகுதியைப் பின்னோக்கி மடித்துக் காலை முழுசாக உள்ளே தள்ளிய பிறகு அதை ஏற்றிவிடுங்கள். காய்ந்த ரப்பரை இழுத்து மாட்டினால் விளிம்பு கிழியும். மாட்டியதும் கழற்றிவிடாமல் 15 நிமிடம் அப்படியே உட்காருங்கள். விரல்கள் மடங்காமல் நேராக இருக்க வேண்டும். முன்பக்கம் திறந்த பாக்கெட்டில் விரல் நுனி கொஞ்சம் வெளியே தெரிந்தால் தவறில்லை. பாதத்தின் மேல்பகுதி மரத்துப்போனாலோ விரல்கள் வெளுத்தாலோ அந்த அளவு வேண்டாம். தரையில் கால் மணி நேரத்தில் மரத்துப்போகிற கால், கடலில் ஒரு மணி நேரம் தாங்காது.

அடுத்து, ஃபின்னின் நீண்ட தட்டையான பகுதியான பிளேடை ஒருவரைப் பிடித்துக்கொள்ளச் சொல்லிவிட்டு, நீந்துவதுபோலக் காலை மேலும் கீழும் அசையுங்கள். குதிகால் அரை சென்டிமீட்டருக்கு மேல் நழுவினால் பாக்கெட் தளர்வு. தளர்வான ஃபின் கழன்றுவிடாமல் இருக்க விரல்கள் தாமாகவே இறுகிப் பிடிக்கும். கொஞ்ச நேரத்தில் உள்ளங்காலில் சதை பிடித்துக்கொள்ளும். பிளேடு வளைவதற்கு முன்பே உங்கள் உதையில் ஒரு பகுதி அந்த இடைவெளியிலேயே தொலைந்தும் போகும். சிறு நழுவலுக்கு ஃபின் கீப்பர் என்கிற ரப்பர் பட்டை உதவும். முழு அளவு பெரிதான பாக்கெட்டை அது காப்பாற்றாது.

இந்த உள்ளங்கால் பிடிப்பையும் கெண்டைக்கால் பிடிப்பையும் ஒன்றாக நினைக்காதீர்கள். முன்னதில் முதலில் சந்தேகிக்க வேண்டியது பாக்கெட்டை. கெண்டைக்கால் அடிக்கடி பிடித்தால், உங்கள் கால் பலத்துக்கு பிளேடு விறைப்பாக இருக்கிறதா என்று பாருங்கள்.

விறைப்பை சாஃப்ட், மீடியம், ஹார்ட் என்று போட்டிருப்பார்கள். இதற்குப் பொது அளவுகோல் கிடையாது. ஒரு நிறுவனத்தின் மீடியம் இன்னொன்றின் ஹார்டாக இருக்கும். 64 கிலோ எடைக்கு, அந்தந்த நிறுவனத்தின் சாஃப்டை எடுங்கள். “பலமான பிளேடு வேகமாகக் கொண்டுபோகும்” என்று கடையில் சொன்னால் நம்பாதீர்கள். உடம்பின் மிகப் பெரிய தசைகளில் சில தொடையில் இருக்கின்றன. விறைப்பான பிளேடைத் தள்ள அவை கூடுதலாக உழைத்து, பிடித்து வைத்த மூச்சிலிருந்து ஆக்சிஜனைச் செலவழிக்கும். இறங்கும்போது முதல் சில மீட்டர் உடம்பை மேலே தள்ளும் மிதப்பு விசையை எதிர்த்து உதைக்க வேண்டியிருப்பதால், அங்கேயே தொடை எரிய ஆரம்பித்துவிடும். தொடை தளர்ந்ததும் முழங்கால் மடியும், உதை சைக்கிள் மிதிப்பதாக மாறும். பிளேடு தண்ணீரைப் பின்னுக்குத் தள்ளாமல் வெட்டிக்கொண்டு போகும். இந்தப் பழக்கம் ஒட்டிக்கொண்டால் திருத்துவது பெரிய பாடு.

அளவுக்கு மீறிய மென்மையும் ஆகாது. 85 கிலோ எடையுள்ளவர் மிக மென்மையான பிளேடில் பலமாக உதைத்தால், அது மடங்கிக் கொடுத்துவிடும், உந்துதல் வராது. அவருக்கு மீடியம் சரி.

பயிற்சி தந்த இடத்தில் இரண்டு விதமான ஃபின் இருந்தால் வாடகைக்கு எடுத்து, நீச்சல் குளத்தில் 25 மீட்டர் ஒரே வேகத்தில் போய்ப் பாருங்கள். உதைகளை எண்ணுவதோடு, கரை தொட்டதும் தொடை எப்படி இருக்கிறது என்பதையும் கவனியுங்கள். பக்கவாட்டில் இருந்து ஒரு வீடியோ எடுத்தால் முழங்கால் மடிகிறதா என்பது தெளிவாகத் தெரிந்துவிடும். குளமாக இருந்தாலும் தனியாக மூச்சடக்கிப் பயிற்சி செய்யவே கூடாது. மேலே இருந்து உங்களை மட்டுமே பார்த்துக்கொண்டிருக்க, மீட்கத் தெரிந்த ஒருவர் வேண்டும். பல குளங்களில் நீள ஃபின்னை அனுமதிப்பதில்லை, முன்கூட்டியே கேட்டுவிடுங்கள்.

இனி பொருள். பிளாஸ்டிக் கனமானது, வளைந்த பிறகு நிமிர்வது மந்தம். ஆனால் படகு ஏணியில் இடித்தாலும், பாறையில் உரசினாலும் கீறலோடு போய்விடும். ஃபைபர் கிளாஸ் துள்ளி நிமிரும், எடையும் குறைவு. கார்பன் இன்னும் இலகு, இன்னும் வேகமாக நிமிரும். ஆனால் விளிம்பில் விழும் ஒரே அடி அதை விரிசலாக்கிவிடலாம். முதல் நிலைப் பயிற்சிக்கு ஆழ வரம்பு பொதுவாக 20 மீட்டர். அந்த ஆழத்தில் கார்பன் தரும் மிச்சத்தைவிட, உதையைத் திருத்துவதால் வரும் மிச்சம் அதிகம். தோராயமாகப் பிளாஸ்டிக் 8,000 முதல் 12,000, ஃபைபர் கிளாஸ் 16,000 முதல் 28,000, கார்பன் 32,000 ரூபாய்க்கு மேல். வெளிநாட்டிலிருந்து வரவழைத்தால் சுங்கவரியும் கூரியரும் தனி.

பிளேடைக் கழற்றி மாற்றக்கூடிய மாதிரியாக வாங்குங்கள் என்பதுதான் நான் அழுத்திச் சொல்வது. கிரெஸ்ஸி நிறுவனத்தின் காரா மாடுலர், ஓமர் நிறுவனத்தின் ஸ்டிங்ரே இரண்டும் அப்படிப்பட்ட பிளாஸ்டிக் ஃபின்கள். பாக்கெட் காலுக்குப் பழகிவிட்டால், ஒரு வருடம் கழித்து அதற்குப் பொருந்தும் ஃபைபர் கிளாஸ் பிளேடை மட்டும் வாங்கி மாட்டிக்கொள்ளலாம். விமானப் பயணத்திலும் இது வசதி. மொத்தமாக 85 முதல் 95 செ.மீ. நீளம் வரும் ஃபின், சாதாரணப் பெட்டியில் மூலைவிட்டமாக வைத்தாலும் அடங்காது.

கணுக்கால் இறுக்கமானவர்கள் இன்னொன்றையும் பார்க்க வேண்டும். தரையில் காலை நீட்டி உட்கார்ந்து, விரல்களை முன்னோக்கி நீட்டுங்கள். பாதம் காலோடு நேர்கோட்டுக்கு அருகில் வரவில்லையென்றால், உள்ளங்கால் பக்கம் நன்றாகச் சாய்ந்த பிளேடு தேவை. ஃபைபர் கிளாஸ், கார்பன் பிளேடுகள் பலவற்றில் இந்தச் சாய்வு 20 பாகைக்கு மேல் இருக்கும். சாய்வு குறைந்த பிளேடில் அந்தக் குறையைக் கணுக்கால்தான் ஈடுகட்ட வேண்டும், சீக்கிரமே வலிக்கும்.

பழைய ஃபின் மலிவாகக் கிடைத்தால் தாராளமாக வாங்கலாம், சோதித்துவிட்டு. இரண்டு பிளேடுகளையும் முகத்தோடு முகம் சேர்த்து நுனியை அழுத்துங்கள். இரண்டும் ஒரே இடத்தில், ஒரே அளவு வளைய வேண்டும். ஃபைபர் கிளாஸில் வெண்மையான திட்டு தெரிந்தால் உள்ளே இழை உடைந்திருக்கிறது என்று அர்த்தம். பாக்கெட்டிலிருந்து பிளேடு வெளியே வரும் இடத்தை வெளிச்சத்தில் பிடித்துப் பாருங்கள், வளைவின் பாரம் முழுவதும் அங்கேதான் விழுகிறது. பக்கவாட்டு ரப்பர் ஓரங்கள் பிரிந்திருந்தால் மட்டும் கவலை வேண்டாம், திரும்ப ஒட்டிக்கொள்ளலாம்.

வாங்கிய பிறகு, ஃபின்னைத் தண்ணீருக்குள் இறங்கி மாட்டுங்கள். மாட்டிக்கொண்டு நடக்க நேர்ந்தால் பின்பக்கமாக நடங்கள். படகில் ஏறும் முன் கழற்றி மேலே கொடுத்துவிடுங்கள். ஒவ்வொரு முறையும் நல்ல தண்ணீரில் அலசி நிழலில் காய வையுங்கள். அடிப்பக்க ஸ்க்ரூக்களைச் சில மாதங்களுக்கு ஒருமுறை கழற்றி அலசாவிட்டால் உப்பு ஏறி இறுகிவிடும். நுனி தரையில் ஊன்ற நிற்க வைப்பதும், வெயிலில் நிற்கும் காரின் டிக்கியில் விட்டுவைப்பதும் பிளாஸ்டிக் பிளேடை நிரந்தரமாக வளைத்துவிடும். படுக்கையாக வையுங்கள், அல்லது குதிகால் பகுதியில் தொங்கவிடுங்கள்.