பின்னம் வந்தால் சமன்பாட்டில் தடுமாறும் குழந்தைக்கு எப்படிச் சொல்லித்தருவது?

எட்டாம் வகுப்புப் படிக்கும் மகள் 3அ + 5 = 20 போன்றவற்றை உடனே போட்டுவிடுகிறாள், பின்னம் வந்தால் நோட்டை மூடிவிடுகிறாள் என்று கேட்டிருக்கிறீர்கள். பெரம்பூரில் என் வீட்டு மாடியில் பல ஆண்டுகளாக மாலை வகுப்பு எடுக்கிறேன். பெரும்பாலான பிள்ளைகள் பின்னத்தைக் கடைசி வரி வரை சுமந்துகொண்டே போகிறார்கள். முதல் வரியிலேயே அதை இறக்கிவைத்துவிட வேண்டும்.

அ/2 − (அ − 3)/5 = 3

பகுதிகள், அதாவது பின்னக்கோட்டுக்குக் கீழே உள்ள எண்கள், 2, 5. மீச்சிறு பொது மடங்கு, அதாவது இரண்டாலும் மீதியின்றி வகுபடும் மிகச் சிறிய எண், 10. எல்லா உறுப்புகளையும் 10 ஆல் பெருக்குங்கள்.

5அ − 2(அ − 3) = 30
5அ − 2அ + 6 = 30
3அ = 24
அ = 8

போன வாரம் ஒரு மாணவன் இதே கணக்கில் வலப்பக்கத்து 3-ஐத் தொடாமல் விட்டுவிட்டான். விடை −1 என்று வந்தது. நான் தப்பு என்று சொல்லவில்லை. −1-ஐ முதல் வரியில் போட்டுப் பார் என்றேன். −1/2 + 4/5, அதாவது 3/10. மூன்று வர வேண்டிய இடத்தில் பத்தில் மூன்று! சிறிது நேரம் உற்றுப் பார்த்தவன், தானே வலப்பக்கத்து 3-க்குப் பக்கத்தில் ஒரு சுழியம் போட்டான். பந்தியில் உட்கார்ந்த எல்லா இலைக்கும் பாயசம் விழ வேண்டும், ஓரத்து இலையாக இருந்தாலும். விடையைப் போட்டுச் சரிபார்க்கும் பழக்கத்தை மட்டும் உங்கள் மகளிடம் எப்படியாவது உண்டாக்கிவிடுங்கள்.

அடுத்த இடறல், பின்னத்துக்கு முன்னால் நிற்கும் கழித்தல் குறி. −2-ஐ −3-ஆல் பெருக்கினால் +6. அவசரத்தில் −6 என்று எழுதிவிடுவார்கள். பின்னக்கோட்டுக்கு மேலே இரண்டு உறுப்புகள் இருந்தால், பெருக்குவதற்கு முன்பே அடைப்புக்குறி போட்டுவிடச் சொல்லுங்கள்.

ஒரு பக்கத்தின் மேல் எண்ணை மறுபக்கத்தின் கீழ் எண்ணால் பெருக்கும் குறுக்குப் பெருக்கலை இப்போதைக்குத் தள்ளிவையுங்கள். இரு பக்கமும் ஒவ்வொரு பின்னம் மட்டும் இருக்கும்போதுதான் அது நேராகப் பொருந்தும். பழகிவிட்ட பிள்ளைகள் எங்கே பார்த்தாலும் குறுக்கே கோடு போடுகிறார்கள். இன்னொன்று: சமக்குறி இல்லாத 1/2 + 1/3-ஐ 6 ஆல் பெருக்கி 5 என்று எழுதுபவர்களும் உண்டு. இரண்டு பக்கம் இருந்தால்தான் இரண்டையும் பெருக்க முடியும் என்று முதலிலேயே சொல்லிவிடுங்கள்.

இன்று மாலை பேனா இல்லாமல் இதைக் கேளுங்கள். கோயம்பேட்டிலிருந்து வாங்கிவந்த மல்லிகையில் பாதி காலையில் விற்றது, மொத்தத்தில் மூன்றில் ஒரு பங்கு மாலையில் விற்றது, மீதி 2 கிலோ. வாங்கியது எவ்வளவு? மீதி ஆறில் ஒரு பங்கு என்று கண்டுபிடித்து 12 கிலோ என்பாள். பிறகு அதையே எழுதச் சொல்லுங்கள்: அ/2 + அ/3 + 2 = அ. அந்த 2-க்கும் வலப்பக்கத்து அ-வுக்கும் 6 போய்ச் சேர்ந்ததா என்று பக்கத்தில் உட்கார்ந்து பாருங்கள்.