சிக்னல் இல்லாத லயத்தில் லெக்சர் கேட்பது எப்படி?

கேள்வி: பொகவந்தலாவைப் பக்கம் ஒரு தோட்டத்தில் இருந்து கம்பஸ் போய், விவசாயம் இரண்டாம் வருடம் ஆங்கில மொழிமூலத்தில் படிக்கிறேன். லெக்சர்களை ஒலிப்பதிவாக எல்எம்எஸ்ஸில் (கம்பஸின் இணையப் பாடத் தளத்தில்) போடுகிறார்கள். மண்ணியல் பாடத்துக்கு மட்டும் பாட்காஸ்ட் முகவரி ஒன்று தந்திருக்கிறார்கள். லீவில் வீட்டுக்கு வந்தால் லயத்துக்குள் (தோட்டத்து வரிசை வீட்டுக்குள்) சிக்னல் இல்லை. கோயில் திருப்பத்தில் போய் நின்றுதான் கேட்கிறேன், டேட்டா இரண்டு நாளில் முடிந்துவிடுகிறது. கேட்டாலும் பாதி மனதில் நிற்பதில்லை. இயர்போனோடு இருந்தால் பாட்டுக் கேட்பதாக நினைத்து அம்மா ஏசுகிறார். என்ன செய்யலாம்?

பதில்: தங்கச்சி, முதலில் அந்தக் கோயில் திருப்பத்தில் நின்று கேட்பதை நிறுத்துங்கள். அங்கே போவது கோப்பை எடுத்து வர மட்டும்தான். கேட்பது வீட்டில்.

எல்எம்எஸ் பக்கத்தில் பிளே பட்டனை அழுத்திக் கேட்கும்போது ஒலி அந்த நிமிடத்தில் இணையம் வழியே ஓடி வருகிறது. மூடுபனியும் மழையும் வந்து சிக்னல் தள்ளாடினால் லெக்சரும் தள்ளாடும். நாளைக்கு அதையே மறுபடி கேட்டால் மறுபடியும் டேட்டா போகும். பாட்காஸ்ட் அப்படி இல்லை. உங்களுக்குத் தந்த முகவரி ஆர்எஸ்எஸ் எனப்படும் ஒரு சின்னப் பட்டியல். எந்த லெக்சர், எந்த இடத்தில் கோப்பு இருக்கிறது, எவ்வளவு பெரியது என்பது அதில் எழுதியிருக்கும். போனில் உள்ள ஆப் அவ்வப்போது அந்தப் பட்டியலைப் பார்த்து, புதிதாக வந்ததைத் தானே இறக்கி வைத்துக்கொள்ளும். வீட்டு ரேடியோவில் செய்தி தவறினால் தவறியதுதான். இது காத்துக்கொண்டு கிடக்கும்.

ஆண்ட்ராய்டு போன் என்றால் ஆன்டெனாபாட் என்ற ஆப்பைப் போடுங்கள். இலவசம், விளம்பரத் தொல்லை இல்லை. மண்ணியல் முகவரியை அதில் ஒட்டுங்கள். செட்டிங்ஸில் தானாக இறக்குவதை ஆன் செய்து, மொபைல் டேட்டாவில் இறக்க வேண்டாம் என்று வைத்துவிடுங்கள். லீவுக்குக் கிளம்பும் முன் கம்பஸ் வைஃபையில் அரை மணி நேரம் உட்கார்ந்தால் போதும். கினிகத்தேனை வரும்போது போனில் எல்லாம் இருக்கும். (பஸ்ஸிலேயே கேட்கலாமே என்று சொல்ல ஆசைதான். அந்த ஸ்பீக்கர் சத்தத்தில் எந்த லெக்சரரும் ஜெயிக்க மாட்டார்.)

மற்றப் பாடங்கள் எல்எம்எஸ்ஸில்தானே இருக்கின்றன என்பீர்கள். அந்த எம்பி3 கோப்புகளை இறக்கி ஒரு ஃபோல்டரில் போட்டு, ஆன்டெனாபாட்டில் அந்த ஃபோல்டரையே ஒரு பாட்காஸ்ட் போலச் சேர்த்துவிடலாம். விட்ட இடத்தை அது நினைவில் வைத்திருக்கும். வேகத்தையும் கூட்டலாம், குறைக்கலாம். உங்கள் எல்எம்எஸ் ‘மூடில்’ (Moodle) என்ற மென்பொருளில் ஓடுகிறது என்றால், அதன் ஆப்பிலும் கோப்புகளை இறக்கி வைத்து இணையம் இல்லாமல் திறக்க முடியும்.

டேட்டா கணக்கைக் கொஞ்சம் பார்ப்போம். நொடிக்கு 128 கிலோபிட் என்ற தரத்தில் ஒரு மணி நேர ஒலி ஏறக்குறைய 58 எம்பி. 64 கிலோபிட், ஒற்றைத் தடம் (மோனோ) என்றால் அதில் பாதி, 29 எம்பி. மனிதர் பேசுவதைக் கேட்க 64 தாராளம். ஸ்டீரியோ எல்லாம் பாட்டுக்குத்தான் வேண்டும். ஒரு பருவத்தின் 30 லெக்சர்கள் ஒரு ஜிபிக்குள் அடங்கிவிடும். வீடியோவாகப் போட்டிருந்தால் ஒரு மணி நேரமே சில நூறு எம்பி தின்னும். அப்படியானவற்றை ஹாஸ்டலில் யாருடைய மடிக்கணினியிலாவது விஎல்சி என்ற பிளேயரில் போட்டு எம்பி3 ஆக்கிக் கொண்டு வாருங்கள்.

எல்எம்எஸ்ஸில் எப்போதும் இருக்கும்தானே என்று நம்பி இருந்துவிடவும் கூடாது. 2007இல் ஆப்பிள் ஐடியூன்ஸ் யூ என்று தொடங்கி, உலகத்துப் பல்கலைக்கழகங்களின் லெக்சர்களை எல்லாம் ஒரே கடையில் அடுக்கியது. 2021 முடிவில் அந்தக் கடையையே மூடிவிட்டது. அமெரிக்காவின் பெர்க்லி பல்கலைக்கழகம் 20,000 பதிவுகளைப் பொதுப் பார்வையில் இருந்து எடுத்தது 2017இல். காது கேளாதவர்களுக்கு எழுத்து வடிவம் போன்ற வசதிகள் அவற்றில் இல்லை என்ற முறைப்பாட்டுக்குப் பிறகு நடந்தது அது. முறைப்பாடு நியாயமானது, தீர்வுதான் எனக்கு ஒட்டவில்லை. உங்களுக்கு வேண்டியதைப் பரீட்சை முடியும்வரை ஒரு மெமரி கார்டில் போட்டு வைத்திருங்கள்.

ஆனால் வாட்ஸ்அப் குழுவில் தூக்கிப் போட வேண்டாம். இலங்கையின் 2003ஆம் ஆண்டின் 36ஆம் இலக்கப் புலமைச் சொத்துச் சட்டம் விரிவுரையையும் ஒரு படைப்பாகவே கணக்கில் எடுக்கிறது. லெக்சரரிடம் ஒரு வார்த்தை கேட்டுவிட்டால் பிரச்சினை இல்லை. நீங்களே பதிவு செய்வதானாலும் அப்படித்தான். அப்படிச் செய்தால் போனை மேசையில் வையுங்கள். நான் ஒருமுறை சட்டைப்பையில் வைத்துக்கொண்டு இரண்டு மணி நேரம் பதிவு செய்தேன். வீட்டில் வந்து கேட்டால் துணி உரசும் சத்தம், அதற்குப் பின்னால் தகரக் கூரையில் மழை, அதற்கும் பின்னால் எங்கேயோ ஒரு மனிதர் முனகுகிறார்.

சரி, மனதில் நிற்காத விஷயத்துக்கு வருவோம். டேட்டாவை விட இதுதான் பெரியது. நியூயார்க் மாநிலத்தில் ஃப்ரெடோனியா என்ற பல்கலைக்கழகத்தில் உளவியல் மாணவர்களிடம் செய்த ஒரு சிறு ஆய்வு 2009இல் வெளிவந்தது. ஒரு பகுதியினர் வகுப்பில் உட்கார்ந்து கேட்டார்கள், மற்றவர்கள் அதே லெக்சரைப் பாட்காஸ்டில் கேட்டார்கள். பரீட்சையில் வகுப்பில் இருந்தவர்களின் சராசரி 62, பாட்காஸ்ட்காரர்களுக்கு 71. பார்த்தீர்களா, வகுப்புக்கே போக வேண்டாம் என்று உங்கள் தோழிகள் சொல்லக்கூடும். ஆனால் அந்தக் கூடுதல் மதிப்பெண், குறிப்பு எடுத்துக்கொண்டு பாட்காஸ்ட் கேட்டவர்களிடம்தான் இருந்தது. சும்மா ஓடவிட்டவர்களுக்குப் பெரிதாக எதுவும் கிடைக்கவில்லை. அதுவும் ஒரே ஒரு லெக்சரை வைத்துச் செய்த சோதனை.

ஆகவே முழு லெக்சரையும் தலை முதல் கால் வரை திரும்பக் கேட்காதீர்கள். வகுப்பில் இருக்கும்போதே, புரியாத இடம் வந்தால் கொப்பியின் ஓரத்தில் நேரத்தைக் குறியுங்கள்: 10.23, 10.41 என்று. லெக்சர் தொடங்கிய நேரத்தைக் கழித்தால் பதிவில் அந்த இடம் கிடைத்துவிடும். வீட்டில் அந்த ஐந்தாறு நிமிடங்களை மட்டும் எடுத்து, வேகத்தை 0.8க்குக் குறைத்துக் கேளுங்கள். ஆங்கிலம் விளங்காமல் போவதில் பாதி, அது ஓடுகிற ஓட்டத்தால்தான். மீதிப் பாதி சொல்லால். அந்தச் சொல்லைக் காதில் விழுந்தபடி தமிழில் எழுதி வையுங்கள். எழுத்துக்கூட்டலை அப்புறம் பார்த்துக்கொள்ளலாம்.

இன்னொன்று, ஸ்லைடுகளைக் கட்டாயம் இறக்கி வைத்துக்கொள்ளுங்கள். மண்ணியலில் மணல், வண்டல், களி மூன்றையும் வைத்து மண் வகையைக் கண்டுபிடிக்கும் ஒரு முக்கோண வரைபடம் வரும். லெக்சரர் அதைக் காட்டி, “இந்தக் கோட்டில் இருந்து இப்படி வாருங்கள், இங்கே சந்திக்கிறது” என்பார். ஒலிப்பதிவில் எந்தக் கோடு, எந்தப் பக்கம்? முக்கோணத்தை ஒரு தாளில் பிரிண்ட் எடுத்து, விரலை வைத்துக்கொண்டு கேட்டால்தான் அந்த நிமிடங்கள் பிரயோசனப்படும். லெக்சரரிடம் பேச வாய்ப்புக் கிடைத்தால், கையால் காட்டுவதை வாயாலும் சொல்லச் சொல்லிக் கேளுங்கள். “இங்கே” என்பதற்குப் பதில் “களி 40 சதவீதக் கோடு” என்றால் எல்லோருக்கும் நல்லது.

கடைசியாக அம்மா. மண்ணரிப்பு லெக்சர் வரும்போது இயர்போனைக் கழற்றிவிட்டு ஸ்பீக்கரில் போடுங்கள். ஐந்து நிமிடம் கேட்டதும் நிறுத்தி, கேட்டதை அம்மாவுக்குத் தமிழில் சொல்லிப் பாருங்கள். மண் இழப்பைக் கணக்கிடும் அந்தச் சமன்பாட்டின் கடைசியில் பி என்று ஓர் எழுத்து வரும். மண்ணைக் காக்கச் செய்யும் வேலைகளுக்கான எண் அது. மலையில் குறுக்கே கான் (வடிகால்) வெட்டுவதும் அதற்குள்தான் அடங்கும். கானில் மண் நிறைந்தால் என்ன ஆகும் என்று அம்மா சொல்வார், அதையும் கொப்பியில் எழுதுங்கள். நீங்கள் சொல்லும்போது எந்த இடத்தில் திக்குகிறீர்களோ, அந்த நிமிடத்தைக் குறித்துக்கொண்டு இரவில் அதை மட்டும் மறுபடி கேளுங்கள்.