ஞாயிற்றுக்கிழமை எங்கே போனது?

கேள்வி: என் மகள் ஜனவரியில் சான் பிரான்சிஸ்கோவிலிருந்து நேர் விமானத்தில் பெங்களூரு வருகிறாள். டிக்கெட்டில் சனி இரவு 8.30 புறப்பாடு, திங்கள் அதிகாலை 3.45 வருகை என்று போட்டிருக்கிறது. ஞாயிறு முழுக்கப் பறப்பாளா? வீட்டுக்காரர் அது அச்சுப்பிழை என்கிறார். காருக்கு என்றைக்குச் சொல்வது?
– வாசகி, காவேரிப்பட்டணம்

பதில்: அச்சுப்பிழை இல்லை அம்மா. ஜனவரியில் அந்த ஊர்க் கடிகாரம் நம்முடையதைவிட 13½ மணி நேரம் பின்னால் ஓடும். அங்கே சனி இரவு 8.30 என்றால் உங்கள் வீட்டில் ஞாயிறு காலை 10 மணி. நீங்கள் இட்லிப் பானையைக் கழுவிக் கவிழ்க்கிற நேரத்தில்தான் அவள் கிளம்புகிறாள். அங்கிருந்து திங்கள் அதிகாலை 3.45 வரை எண்ணிப் பாருங்கள்: 17 மணி 45 நிமிடம். பயணம் அவ்வளவுதான்.

தூரம் சுமார் 14,000 கிலோமீட்டர். தர்மபுரியில் புவியியல் பாடம் எடுத்த காலத்தில், இதைப் பிள்ளைகளுக்குப் பூக்கட்டும் நூலை வைத்துத்தான் காட்டுவேன். 30 செ.மீ. விட்டமுள்ள உலக உருண்டையில் ஒரு நுனியைப் பெங்களூரிலும் மறு நுனியைச் சான் பிரான்சிஸ்கோவிலும் பிடித்து இழுக்கச் சொல்வேன். எல்லோரும் முதலில் பசிபிக் கடல் மேல்தான் நூலை வைப்பார்கள். இழுக்க இழுக்க அது மேலே வழுக்கிக்கொண்டே போய் வடதுருவத்துக்குப் பக்கத்தில் நிற்கும். அளந்தால் 33 செ.மீ. சுவரில் தொங்கும் தட்டையான படத்தில் இது தெரியவே தெரியாது. 2021 ஜனவரி 9 அன்று சான் பிரான்சிஸ்கோவில் கிளம்பிய, கேப்டன் ஜோயா அகர்வால் தலைமையில் பெண் விமானிகள் மட்டுமே ஓட்டிய ஏர் இந்தியா விமானம், அந்தத் துருவப் பாதையில்தான் ஜனவரி 11 அன்று பெங்களூரு வந்து சேர்ந்தது. அந்தச் செய்தியைப் படித்த அன்று எனக்கு அந்த நூல்தான் ஞாபகம் வந்தது.

இங்கிருந்து போகும்போது கணக்கு வேறு. உயரத்தில் மேற்கிலிருந்து கிழக்கே வேகமான காற்று வீசும். பசிபிக் பக்கமாகப் போனால் அது பின்னாலிருந்து தள்ளும். தூரம் கூடினாலும் நேரம் குறையும்.

சரி, காருக்கு வருவோம். பாலக்கோட்டில் எனக்குத் தெரிந்தவர் ஒருவர் ஒரு நாள் முன்னதாகவே போய், பேரனைக் காணாமல் பதறிப்போனார். நீங்கள் ஞாயிறு ராத்திரி சாப்பிட்டுவிட்டு, 1 மணிவாக்கில் ஓசூர் வழியாகக் கிளம்பினால் போதும். பாஸ்போர்ட் சோதனை முடிந்து, பெட்டியை எடுத்துக்கொண்டு அவள் வெளியே வர எப்படியும் ஒரு மணி நேரம் ஆகும். வீட்டுக்கு வந்ததும் படுத்துத் தூங்கு என்று வற்புறுத்தாதீர்கள். உங்களுக்கு விடியற்காலை 4.45 என்றால், அவள் உடம்புக்கு இன்னும் ஞாயிறு பிற்பகல் மூன்றேகால்தான்.